ஆயுள் சந்தாவும் அப்புச்சி நம்பரும்

கம்ப்யூட்டர் விளையாட்டு பத்தி எழுதி ரொம்ப நாளாச்சு. வயசாயிருச்சுன்னு நெனச்சுக்காதீங்க (ஆயிருச்சு, அது வேற விஷயம்). இன்னிக்கு எழுத வேண்டியதாப் போச்சு. மேட்டர் இதுதான்: இணைய விளையாட்டுக்கு மாசாமாசம் சந்தா கட்டறதுக்குப் பதிலா, மொத்தமா ஒரு தொகையைக் கட்டி 'லைஃப்டைம்' வாங்கிக்கறது லாபமா, நட்டமா?

"வெளையாடறதுக்கே எதுக்குங்க காசு?" என்று கேட்பவர்கள் நேராகக் கடைசிப் பத்திக்குப் போய்விடலாம். அங்கேயும் உங்களுக்கு ஒண்ணும் இல்லை. ஹி..ஹி..

என் அக்கா பையன் கணபதியில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் டிசைன் செக்‌ஷனில் இருக்கிறான். வேலைக்குச் சேர்ந்து முதல் தீபாவளி போனஸ் வந்தது. அக்காவுக்கு அந்தப் பணத்தைச் சீட்டில் போடணும். பையனுக்கு அதில் 22,000 ரூபாயை எடுத்து, எட்டு மாசமாக அவன் ஆடிக்கொண்டிருக்கும் விண்கப்பல் விளையாட்டுக்கு லைஃப்டைம் வாங்கணும். 250 டாலர். மாசச் சந்தா 15 டாலர், நம்ம காசுக்கு 1,300 ரூபாய் சொச்சம். "பதினேழு மாசத்துல போட்ட காசு வந்துரும் மாமா. அப்புறம் ஆயுசுக்கும் ஃப்ரீ" என்கிறான். அக்கா, "நீயே அவங்கிட்டச் சொல்லுடா, நான் சொன்னா எங்க கேக்கறான்" என்று ஃபோனை என்னிடம் தள்ளிவிட்டாள். பஞ்சாயத்து நம்ம தலையில்.

பதினேழு மாசக் கணக்கு தப்பில்லை. 250-ஐ 15-ஆல் வகுத்தால் அதுதான் வரும். ஆனால் அது பாதிக் கணக்கு. மீதிப் பாதிக்கு, ஏற்கெனவே லைஃப்டைம் விற்ற விளையாட்டுகள் என்ன ஆச்சுன்னு பார்க்கணும்.

இரண்டு விளையாட்டு, இரண்டு ஆயுள்

நாங்களெல்லாம் 2005-ல் பிஎஸ்என்எல் டேட்டாஒன் வாங்கி, ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 மணி வரைக்கும் டவுன்லோடு கணக்கில் வராது என்பதற்காக அலாரம் வைத்து எழுந்த கோஷ்டி. அந்தக் கோஷ்டியில் ஒரு பீளமேட்டுக்காரன் 2006-ல் அமெரிக்கா போனான். 2007 ஏப்ரலில் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் ஆன்லைன்' வெளியானது. மாசம் 14.95 டாலர். முன்பதிவு செய்தவர்களுக்கு மாசம் 9.99, இல்லையென்றால் ஒரே தடவையாக 199 டாலர் கட்டினால் ஆயுசுக்கும். இவன் 199-ஐக் கட்டிவிட்டான். அன்றைய ரேட்டில் எட்டாயிரம் ரூபாய் சொச்சம். எனக்கு இங்கே ஃபோனில் சொன்னபோது மயக்கமே வந்தது.

மூணு வருஷம் வெறித்தனமாக ஆடினான். மாசத்துக்குப் பிரித்துப் பார்த்தால் ஐந்தரை டாலர்தான். செம லாபம். 2010 செப்டம்பரில் அந்த விளையாட்டையே இலவசமாக்கி, கூடுதல் வசதிகளுக்கு மட்டும் காசு என்று மாற்றினார்கள். லைஃப்டைம் வாங்கினவர்களைக் கைவிடவில்லை. விஐபி அந்தஸ்து, மாசாமாசம் 500 புள்ளிகள் என்று தொடர்ந்து கொடுத்தார்கள். 2016 கடைசியில் விளையாட்டு வேறு நிறுவனத்தின் கைக்குப் போனது, அப்போதும் அது செல்லுபடியானது. ஆட்டம் இன்னிக்கும் ஓடுது. ஆனால் நம்ம ஆள் 2010-லேயே விட்டுவிட்டான். குழந்தை பிறந்துவிட்டது. "லைஃப் இருக்குடா, டைம்தான் இல்ல" என்றான்.

இது நல்ல முடிவு. இன்னொண்ணு இருக்கு. 2007 அக்டோபர் 31-ல் 'ஹெல்கேட்: லண்டன்' வந்தது. 'டயாப்லோ' விளையாட்டு செய்த ஆட்களே ஆரம்பித்த கம்பெனி என்பதால் எதிர்பார்ப்பு எகிறிக் கிடந்தது. மாசச் சந்தா சுமார் 10 டாலர். முன்பதிவு செய்தவர்களுக்கு லைஃப்டைம் 149.99 டாலர். அதாவது பதினைந்து மாசம் ஆடினால் போட்ட காசு வந்துவிடும். 2008 நடுவிலேயே கம்பெனி படுத்துவிட்டது. 2009 ஜனவரி 31-ல் சர்வரை மூடினார்கள். நவம்பரிலிருந்து எண்ணிப் பாருங்க. கரெக்டா பதினைந்து மாசம்! போட்ட காசு வருகிற அன்றைக்கு ஆயுசும் முடிந்தது. இன்னும் கொடுமை, கம்பெனி படுத்த பிறகு கடைசி சில மாதங்கள் எல்லாருக்குமே இலவசமாக ஓடியது. மாசாமாசம் கட்டினவன் லாபத்தில் இருந்தான், ஆயுளுக்குக் கட்டினவன் வாயில் விரலை வைத்துக்கொண்டு நின்றான்.

நடுவில் ஒண்ணு: 'ஸ்டார் ட்ரெக் ஆன்லைன்'. 2010 பிப்ரவரியில் வந்தது. வெளியாவதற்கு முன் வாங்கினால் லைஃப்டைம் 239.99 டாலர், அப்புறம் 299.99. இரண்டே வருஷத்தில், 2012 ஜனவரியில், அதையும் இலவசமாக்கிவிட்டார்கள். 299.99 கொடுத்தவர்களுக்குப் போட்ட காசு வருவதற்கே இருபது மாசம் ஆகும். மூச்சு விடுவதற்குள் பக்கத்து வீட்டுப் பையன் சும்மா உள்ளே வந்துவிட்டான். லைஃப்டைம்காரர்களுக்கு இதிலும் மாதப் புள்ளிகள் உண்டு என்பது ஆறுதல்.

இத்தனைக்கும் நடுவில், 2004-லிருந்து உலகத்திலேயே பெரிய கூட்டத்தை வைத்திருந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ன செய்தது தெரியுமா? லைஃப்டைமே விற்கவில்லை. மாசம் பிறந்தால் சந்தா. அன்னபூர்ணாவில் காலையில் டேபிளுக்குப் பின்னாடி நாலு பேர் காத்து நிற்கும்போது, அவர்கள் ஏன் ஆயுளுக்கும் காபி கார்டு விற்கப் போகிறார்கள்?

வட்டி கட்டுப்படியாகுமா?

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கு. நம்ம ஊர்ப் பெரிய கோயில்களில் அன்னதானத்துக்கு ஒரு முறை தொகை கட்டினால், அதை வங்கியில் வைப்பு நிதியாகப் போட்டு, வருஷாவருஷம் நீங்கள் சொல்லும் தேதியில் வட்டியை வைத்துச் சாப்பாடு போடுவார்கள். தாத்தா திதி, பொண்ணு பிறந்தநாள், எதுவாகவும் இருக்கலாம். அசலைத் தொடமாட்டார்கள். நாம போய்ச் சேர்ந்த பிறகும் சாப்பாடு நடக்கும். இதுதாங்க உண்மையான ஆயுள் திட்டம்.

இப்ப அந்த 22,000 ரூபாய்க்கு வாங்க. ஏழு சதவீத வட்டியில் போட்டால் வருஷத்துக்கு 1,540 ரூபாய். விளையாட்டின் ஒரு மாசச் சந்தா 1,300. அதாவது அசலைத் தொடாமல் வைத்திருந்தால், ஒரு வருஷ வட்டி ஒரு மாசத்துக்குத்தான் காணும். மீதிப் பதினோரு மாசத்துக்கு? அசலைத்தான் சாப்பிடணும், இல்லைன்னா புதுசா வர்றவன் காசுல பழையவனுக்கு ஆட்டம் காட்டணும். புதுசா வர்றவன் நின்னா ஆட்டமும் நிக்கும்.

இதை ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் நடந்ததைப் பார்த்த ஊர்க்காரங்க நாம. மோசடி எப்படி இருக்கும்னு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். விளையாட்டுக் கம்பெனி சரக்கைக் கண் முன்னால் காட்டித்தான் விற்கிறது. ஆனால் "இன்னிக்கே மொத்தமாக் குடு" என்று கேட்பவனுக்கு இன்னிக்குப் பணமுடை இருக்கு என்ற பாடம் இரண்டுக்கும் பொது. சர்வர் வாடகை, சம்பளம், விளம்பரம் எல்லாம் ஆட்டம் வெளியாவதற்கு முன்னாலேயே வந்து நிற்கும். ஆயுள் சந்தா, வட்டியில்லாமல் நீங்கள் கொடுக்கும் கைமாத்து மாதிரி.

நம்ம சிற்றிதழ்களில் 'ஆயுள் சந்தா' என்று போடுவார்களே, அதைக் கட்டினவர்களுக்கு இந்த விஷயம் நல்லாத் தெரியும். பத்திரிகை ஏழெட்டு இதழோட நின்னாலும் ஒருத்தரும் கோர்ட்டுக்குப் போனதில்லை. ஏன்னா கொடுக்கும்போதே அது நன்கொடைன்னு ரெண்டு பக்கமும் தெரியும். விளையாட்டுலயும் அப்படி மனசோட கொடுத்தா வருத்தமே இல்ல. 'முதலீடு' என்று நினைத்துக் கொடுப்பதில்தான் வில்லங்கம்.

அப்புச்சி நம்பர்

'லைஃப்டைம்' என்ற வார்த்தை நம்ம வீட்டுக்குப் புதுசில்லை. 2005 டிசம்பரில் செல்ஃபோன் கம்பெனிகள் 999 ரூபாய்க்கு லைஃப்டைம் ப்ரீபெய்டு கொண்டுவந்தது ஞாபகம் இருக்கா? ரீசார்ஜ் செய்யாவிட்டாலும் இன்கமிங் வரும் என்பதுதான் பெரிய விஷயம். அதுவரைக்கும் மாசம் தவறினால் நம்பர் போய்விடும் என்ற பயம். பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் வியாபாரம் பார்க்கும் எங்க அப்பா 2006 பொங்கல் சமயத்தில் ஒண்ணு வாங்கினார் (எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம்). அந்த நம்பரைக் களத்துச் சுவரில் பெரிதாகப் பெயிண்ட்டில் எழுதி வைத்தார்.

யாரோட லைஃப் என்ற சந்தேகம் அப்போதே எழுந்தது. 2006-லேயே டிராய் ஒரு விளக்கம் சொன்னது: லைஃப்டைம் என்றால் வாடிக்கையாளரின் ஆயுள் இல்லை, கம்பெனிக்கு அரசாங்கம் கொடுத்திருக்கும் உரிமத்தின் ஆயுள். உரிமம் எப்போது முடிகிறது என்பதையும் சொல்லித்தான் விற்கணும் என்றார்கள். உரிமம் 20 வருஷம். அதில் எத்தனை வருஷம் ஏற்கெனவே கழிந்தது என்று கடையில் யார் கேட்டோம்?

2018 ரெண்டு விதமாகப் பாடம் நடத்தியது. பிப்ரவரியில், 1999-லிருந்து தமிழ்நாட்டில் ஓடிக்கொண்டிருந்த ஏர்செல்லின் சிக்னல் போனது. மாத இறுதியில் திவால் மனு போட்டார்கள். நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்ற கோயமுத்தூர்லயும் ஜனம் அல்லாடியது. வருஷக் கடைசியில், பிழைத்திருந்த பெரிய கம்பெனிகள் 28 நாளைக்கு 35 ரூபாயாவது ரீசார்ஜ் செய்தால்தான் சேவை என்று கொண்டுவந்தன. லைஃப்டைம் கதை அத்தோடு முடிந்தது. அப்பா ஃபோனுக்கும் எஸ்.எம்.எஸ். வந்தது.

நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். "999 ரூபாய், கிட்டத்தட்ட 13 வருஷம். மாசத்துக்கு ஆறரை ரூபா கூட ஆகலீங்கப்பா. உங்களுக்கு லாபந்தான்." அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "ஆறரை ரூபாய்க்காகவா நான் வாங்குனேன்? இனி இந்த நம்பர் பத்தி ரோசனையே பண்ண வேண்டாம்னு வாங்குனேன். இப்ப மாசாமாசம் ரோசனை பண்ணச் சொல்றான்" என்றார்.

என் கணக்கில் வராத சங்கதி அது. லைஃப்டைம் வாங்குகிறவன் காசை மிச்சம் பிடிக்க மட்டும் வாங்கவில்லை, நிம்மதியையும் சேர்த்து வாங்குகிறான். விற்கிறவனால் கொடுக்க முடியாத பொருளும் அதுதான். அப்பா இன்னிக்கும் அந்த நம்பருக்கு ரீசார்ஜ் செய்கிறார். பட்டணத்து வியாபாரி, மட்டை உரிக்கிற ஆளுக, ஒறம்பரை எல்லாரும் அந்த நம்பருக்குத்தான் கூப்பிடுகிறார்கள். கூப்பிட ஆள் இருக்கிற வரைக்கும் அவர் கட்டுவார்.

கம்பெனி மட்டும் இல்லை

விளையாட்டோட ஆயுளை கம்பெனி மட்டும் தீர்மானிக்கிறதில்லை. நம்ம பசங்களுக்கு 2020 செப்டம்பர் 2 மறக்காது. பப்ஜி மொபைல் தடை. யூசி வாங்கிச் சட்டையும் துப்பாக்கி டிசைனும் சேர்த்து வைத்தவனெல்லாம் ஒரே ராத்திரியில் கையைப் பிசைந்தான். 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்று திரும்பி வந்தது, 2022 ஜூலையில் கடைகளிலிருந்து மறுபடி காணாமல் போனது, 2023 மே மாசம் மறுபடி வந்தது. நடுவில் 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயருக்கும் தடை. அரசாங்கத்தின் காரணங்கள் சரியா தப்பா என்பது வேற பதிவு. நாம கட்டின காசுக்கு அந்தக் காரணத்தோட சம்பந்தமில்லை, ஆனா போறது நம்ம காசு.

சந்தாவே இல்லாமல் முழுக் காசு கொடுத்து வாங்கினதுக்கும் இதே கதைதான். யூபிசாஃப்டின் 'தி க்ரூ' கார் விளையாட்டு 2014-ல் வந்தது. 2024 மார்ச் 31-ல் சர்வரை நிறுத்தினார்கள். தனியாக ஓட்டக்கூட முடியாது. அந்தக் கோபத்தில்தான் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கம் கிளம்பி, ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கு மேல் கையெழுத்து வாங்கியது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம்: டிஜிட்டல் சரக்கை 'வாங்குங்கள்' என்று போட்டு விற்றால், இது உரிமம்தான், சொந்தமில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லணும். நம்ம டிராய் 2006-ல் சொன்னதோட அக்கா தங்கச்சி மாதிரி இருக்குல்ல?

அப்ப யாருமே வாங்கக் கூடாதா?

வாங்கலாம். என் கணக்குப்படி நாலு விஷயம் ஒத்து வரணும்.

1. மாசச் சந்தா கட்டி ஏற்கெனவே ஒரு வருஷமாவது ஆடியிருக்கணும். வெளியாவதற்கு முன்னாடியே வாங்குவது, பொண்ணு பார்க்காம மண்டபம் புக் பண்ற மாதிரி.

2. போட்ட காசு வருகிற காலம், நீங்கள் இதுவரைக்கும் எந்த ஒரு விளையாட்டையும் தொடர்ந்து ஆடிய காலத்தை விடக் குறைவாக இருக்கணும். விளையாட்டோட ஆயுளைப் பார்க்கறதுக்கு முன்னாடி உங்க ஆர்வத்தோட ஆயுளைப் பாருங்க.

3. நாளைக்கு இலவசமாக்கினால் லைஃப்டைம்காரனுக்கு என்ன கிடைக்கும் என்று எழுத்தில் இருக்கணும்.

4. அடுத்த மாசமே சர்வரை மூடினாலும் சோறு தண்ணி இறங்கணும்.

பையனை உட்கார வைத்து இரண்டாவதை மட்டும் கேட்டேன். பேப்பரில் அவனே எழுதினான். பப்ஜி பத்து மாசம். ஃப்ரீ ஃபயர் ஏழு மாசம். அப்புறம் ரெண்டு மூணு விளையாட்டு, எதுவும் ஒரு வருஷத்தைத் தாண்டலை. பதினேழு என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

அப்புறம் சொன்னான்: "ஆட்டத்துக்காக இல்ல மாமா. கூடப் படிச்சவனெல்லாம் பெங்களூர் போயிட்டான். இதுல ஈரோட்டுக்காரன் ஒருத்தன், யாழ்ப்பாணத்துக்காரர் ஒருத்தர், மலேசியாவுல ஒரு அக்கா. சனிக்கிழமை ராத்திரி நாலு பேரும் ஒண்ணா ஆடுவோம். பேசறதே அன்னிக்கு மட்டுந்தான். அது போயிரக் கூடாதுல்ல, அதான்."

இதுக்கு எந்த வகுத்தல் கணக்கும் பதில் சொல்லாது. ஆனால் ஒண்ணு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்த நாலு பேரையும் சேர்த்து வைக்கிற சக்தி 22,000 ரூபாய்க்குக் கிடையாது. யாழ்ப்பாணத்துக்காரருக்குக் கல்யாணம் ஆகலாம், மலேசியா அக்காவுக்கு ஷிஃப்ட் மாறலாம். லைஃப்டைம் சீட்டு கையில் இருக்கும், சனிக்கிழமை இருக்காது. "அப்புச்சி நம்பருக்குக் கட்டற மாதிரி கட்டு. கூப்பிட ஆள் இருக்கிற வரைக்கும் மாசாமாசம் கட்டு. ஆள் இல்லாத அன்னிக்கு நிறுத்திக்கோ. மொதல்ல அவங்க வாட்ஸ்அப் நம்பரை வாங்கி வெய்யி, அதுக்குக் காசே இல்ல" என்றேன்.

மூணு மாசச் சந்தா கட்டினான். அக்கா சீட்டில் சேர்ந்தாள். முழுக்கச் சம்மதத்தோடுதான் இரண்டு பேரும் எழுந்தார்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் சண்டை இல்லை. நம்பர் மூணும் வாங்கிவிட்டானாம்.

ஆகவே மக்களே, 'லைஃப்டைம்' என்று எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் பக்கத்தில் 'யாரோட?' என்று ஒரு வார்த்தையை நீங்களே சேர்த்துப் படியுங்கள். பதில் 'கம்பெனியோட' என்று வந்தால், கம்பெனி எத்தனை மாசம் தாங்கும் என்று நம்புகிறீர்களோ அத்தனை மாசக் காசை மட்டும் கொடுங்கள்.

கொசுறு: பைக் வாங்கும்போது லைஃப் டாக்ஸ் கட்டினோமே என்று நினைக்கிறீர்களா? ஆர்.சி. 15 வருஷம்தான். அதுக்கு மேல ஓட்டணும்னா எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்கணும், பசுமை வரியும் கட்டணும். அரசாங்கமே ஆயுசை எண்ணி வெச்சிருக்கு, விளையாட்டுக்காரன் எம்மாத்திரம்!